பதினேழு நாள் சூப்பு

தியாம்-லாய் விழுந்ததை விபத்து என்று சொல்ல முடியாது. சைக்கிள் பழகுகிற பிள்ளைகூட அதைவிட வேகமாக விழும். பிளம் பழுக்கும் பருவத்தில் நாள்கணக்காகப் பெய்யும் பிளம் மழை தொடங்கி நாலாம் நாள். காலையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பத்து மணிக்குச் சற்று விட்டிருந்தது. மிதவை எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு, பழைய மோட்டார் சைக்கிளில் சாலுன் ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தார். கடல் தடுப்புச் சுவரை ஒட்டி வரும் சாலை, அவருடைய சிப்பிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு மாடு படுப்பதுபோல மெதுவாகச் சாய்ந்து படுத்தது. இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

வழுக்கியது சிப்பி ஓட்டில். அந்த ஓடு அவர் கொட்டியது. சதையை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடுகளை ஊர்ப் பொதுக்குவியலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவ்வளவு தூரம் தள்ளுவண்டியைத் தள்ளச் சோம்பல்பட்டு, மூன்று மாதமாகக் கொட்டகைக்குப் பின்னால் சாலையோரத்திலேயே கொட்டி வந்தார். மழைக்குக் குவியல் சரிந்து பாதி சாலைக்கு வந்துவிட்டிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சியோக்-லான் மூன்று தடவை சொல்லிவிட்டாள். "அண்ணே, அந்த ஓட்ட அள்ளிப் போடுங்க. ஒரு நாள் இல்ல ஒரு நாள் யாராவது விழப் போறாங்க." மூன்றாம் தடவை தியாம்-லாய், "ரோட்டுக்கு நீ என்ன அதிகாரியா?" என்று கேட்டிருந்தார்.

அவர் விழுந்து கிடந்தபோது முதலில் வந்தது சியோக்-லானின் கறுப்பு நாய் குரோ. ஊரில் போகிற வருகிற எல்லா வண்டியையும் பார்த்துக் குரைக்கிற நாய் அன்றைக்கு ஏனோ குரைக்கவில்லை. கிட்டே வந்து அவருடைய தலைக்கவசத்தை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று முனகியது. அடுத்து வந்தது காய்கறி வேன்காரர் ஆ-ஹாய். வேனை நிறுத்தி இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே! என்னாச்சு? இந்த நாயா?"

தியாம்-லாய்க்கு வலியில் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டியிருக்கலாம். ஆம் என்றுதான் ஆட்டினார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. மீதியை ஊர் செய்தது.

கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஊசி கனத்துக்கு ஒரு கோடு. டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி, இரண்டு ஊன்றுகோலும் கொடுத்து அனுப்பினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தியாம்-லாய் பகல் நேரத்தில் வீட்டுக்குள் படுத்திருந்தார். ஓதம் வற்றுகிற நேரம் பார்த்து அவர் மனைவி பி-யூன் மிதவையை எடுத்துக்கொண்டு போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூங்கில் பந்தலில் தொங்கும் சிப்பிக் கயிறுகளை அறுத்து இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கயிறும் ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனக்கும். திரும்பி வந்து கொட்டகையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சிப்பி உடைத்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, புருஷனை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். கட்டு நனையாமல் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றுவாள். அவள் கையெல்லாம் ஓடு கிழித்த கோடுகள். சோப்புப் பட்டு எரியும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். தியாம்-லாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சொல்லச் சொல்ல நாய் வளர்ந்தது. முதல் நாள் அது குறுக்கே ஓடியது. இரண்டாம் நாள் பாய்ந்தது. மூன்றாம் நாள் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. ஊர்த்தலைவர் பான்-சியோங் வந்து, தேநீர் குடித்துக்கொண்டே கதையைக் கேட்டு, உச்சுக்கொட்டினார்.

"இத இப்படியே விட்டா சரிப்படாதுண்ணே. இன்னைக்கு உங்க காலு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க."

"விடுப்பா. பாவம், தனியா இருக்கறவ."

"தனியா இருந்தா நாயக் கட்டி வச்சுட்டு இருக்கணும். நான் பேசிக்கறேன்."

விடுப்பா என்று சொன்னதற்காகத் தியாம்-லாயைப் பெரிய மனுஷர் என்று பான்-சியோங் ஊரெல்லாம் சொன்னார். அதுவும் அவர் காதுக்கு வந்தது.

மறுநாள் மாலை சியோக்-லான் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். வெயிலுக்கும் காற்றுக்கும் முகத்தைச் சுற்றிக் கட்டும் பூப்போட்ட துணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். இன்னொரு கையில் மூடி போட்ட பாத்திரம். வாசலிலேயே நின்று இரண்டு தடவை குனிந்தாள்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. அது இதுவர ஒருத்தர் மேலயும் பாஞ்சதில்ல. அன்னைக்கு அதுக்கு என்ன பிடிச்சுதோ தெரியல."

"சரி சரி. நாய்தானே."

"கொடுவா மீன் சூப்பு. எலும்பு ஒட்ட, புண்ணு ஆற, இதவிட வேற ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன் ஆனப்பவும் இதத்தான் வச்சுக் குடுத்தேன். சூடா இருக்கறப்பவே குடிச்சிருங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "குரோவ அனுப்பிச்சுட்டேன். உப்பளத்துக்கு அந்தாண்ட பால்மீன் வளக்கற குட்டை வச்சிருக்கற கி-போ இருக்காருல்ல, காவலுக்கு வேணும்னாரு. காலைல வந்து ஏத்திட்டுப் போனாரு."

தியாம்-லாய் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பி-யூன் உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தாள். புருஷன் படுத்ததிலிருந்து அவளுக்கு உடம்பெல்லாம் வலி, வாயெல்லாம் எரிச்சல்.

"அனுப்பிட்டியா? இத முன்னமே செஞ்சிருக்கணும். புருஷன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப தினம் போய்ப் பாக்க நேரமில்ல உனக்கு. நாய்க்கு மட்டும் வேளா வேளைக்கு மீன் வேகவைக்க நேரமிருந்துச்சு."

சியோக்-லான் பாத்திரத்தை வாசற்படியில் வைத்தாள். கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். அவள் புருஷன் செத்த அன்று அவள் பி-யூனின் கொட்டகையில்தான் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். அது பி-யூனுக்கும் தெரியும். "பாத்திரத்த நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் மதினி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தியாம்-லாய் சூப்பைக் குடித்தார். இஞ்சியை மயிர்போல மெல்லிசாக அரிந்து போட்டிருந்தாள். மீன் வெண்ணெய்போல வெந்திருந்தது. பாத்திரத்தின் அடி தெரியும்வரை குடித்தார்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மழை கொட்டினாலும் நாலு மணிக்கு அவளுடைய சைக்கிள் மணி கேட்கும். மார்க்கெட் தெருவில் மீன் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் வைத்து, சுடச்சுடக் கொண்டு வருவாள். குடிக்கும்போது எதிரே உட்காரமாட்டாள். கொல்லைப் பக்கம் போய், பி-யூன் துவைத்துப் போட்டிருக்கும் கடலில் இறங்க மாட்டும் ரப்பர் காலுறைகளைக் காயத் திருப்பிப் போடுவாள். கிடக்கிற பாத்திரத்தைக் கழுவுவாள். தினமும் காலையில் தியாம்-லாய், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொள்வார். நாலு மணிக்கு மூடியைத் திறந்ததும் ஆவியோடு இஞ்சி வாசம் முகத்தில் அடிக்கும். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். குடித்த பிறகு சொல்வது இன்னும் கேவலம் என்று தோன்றும். இப்படியே நாள் போயிற்று.

ஊரில் குரைப்புச் சத்தம் இல்லை. வண்டிகள் வளைவைக் கடந்து சும்மா போயின. ஒவ்வொரு வண்டி போகும்போதும் அவர் குரைப்புக்காகக் காது கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, மூன்று நாளாகச் சூப்பு தாமதமாக வந்தது. நாலரை ஆகும், ஐந்து ஆகும். மூன்றாம் நாள் ஐந்தேகாலுக்கும் காணவில்லை. தியாம்-லாய் மனைவியிடம், "என்ன, ஆரம்பத்துல இருந்த அக்கறை இப்ப இல்ல போல" என்றார். சொன்ன பிறகு தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று அவள் வந்தபோது முழங்கால்வரை சேறு. வலது உள்ளங்கை தோலுரிந்து ரத்தம் மழைத்தண்ணீரோடு வழிந்தது. பாத்திரத்தை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் சிந்திருச்சுண்ணே. மீன் கீழ விழல. பாதிக்கு மேல இருக்கு."

பி-யூன் ஓடிவந்து அவளை உட்காரவைத்தாள். மருந்து டப்பாவை எடுத்துவந்து, பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள். தோலுக்கடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. ஊசியால் நெம்பி எடுத்தாள். சிப்பி ஓட்டின் சில்லு, நகக்கண் அளவு.

"எங்க விழுந்த?"

"வளைவுலதான் மதினி."

"அந்த நாய் போயும் அந்த வளைவு ஒழுங்கா இல்லியா?"

"ஓடு மதினி. ஈரத்துல சக்கரம் நிக்க மாட்டேங்குது. வேற யாராவது விழறதுக்குள்ள அள்ளிரணும்." அவள் தியாம்-லாய் பக்கம் திரும்பவே இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். கட்டுப் போட்டதும் எழுந்து, "ஆறிரப் போகுது, குடிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பி-யூன் அந்தச் சில்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு நாய் எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு?"

"எந்தப் பக்கம்னா... சுவத்துப் பக்கம்."

"ஆ-ஹாய்கிட்ட வீட்டுப் பக்கத்துலருந்துன்னு சொன்னீங்களாம்."

தியாம்-லாய் சூப்புப் பாத்திரத்தைப் பார்த்தார். மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன.

"நாய் வரவே இல்ல" என்றார். "ஓட்டுலதான் சறுக்குச்சு. நம்ம ஓடு. ஆ-ஹாய் நாயான்னு கேட்டான். தலைய ஆட்டிட்டேன்."

"தலைய ஆட்டிட்டேன்" என்று பி-யூன் திருப்பிச் சொன்னாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் குரல் இறங்கிப்போயிற்று.

"நான் அவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? உன் முன்னாலதானே சொன்னேன்? இந்த நாக்கால சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, அவ வச்சுட்டுப் போன சூப்பக் குடிச்ச."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொன்னது அன்றுதான்.

அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மண்வாரியோடு வெளியே போனாள். இருட்டுவதற்குள் வளைவு முழுவதையும் அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்றிப் பொதுக்குவியலுக்கு ஏழு நடை நடந்தாள். தியாம்-லாய் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். சூப்பு மேசையில் ஆறிக் கட்டியாகிப் போயிற்று.

காலையில் பி-யூன், "ஏறுங்க" என்றாள். ஸ்கூட்டரின் பின்னால் அவரை உட்காரவைத்து, ஊன்றுகோல்களைக் குறுக்கே கட்டி, உப்பளம் தாண்டிக் கி-போவின் குட்டைக்கு ஓட்டினாள். எதிர்காற்றில் மாவுக்கட்டுக்குள் கால் விண்விண் என்று தெறித்தது. அவர் வலி என்று சொல்லவில்லை.

கி-போ குட்டைக்குத் தீவனம் வீசிக்கொண்டிருந்தார். கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"குரோவா? அது ஓடிப் போய் நாலு நாளாச்சே. கயித்தக் கடிச்சுட்டுப் போயிருச்சு. மொத வாரம் பூரா ஒண்ணும் திங்கல. நல்ல நாய்தான், ஆனா மனசு இங்க ஒட்டல. சியோக்-லான் அக்காவுக்கு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"அன்னைக்கேவா?" என்றாள் பி-யூன்.

"அன்னைக்கேதான். அதுலருந்து சைக்கிள எடுத்துட்டு சுத்திட்டு இருக்காங்க. உப்பளம், கரைக்கட்டு, மீன்சந்த, ஒரு இடம் விடல. நேத்துக்கூட மூணு மணி இருக்கும், இந்தப் பக்கம் வந்தாங்க. கொஞ்சம் உக்காருங்கக்கான்னேன். ஒருத்தருக்கு சூப்பு வைக்கணும், நேரமாச்சுன்னு போயிட்டாங்க."

தியாம்-லாய் ஸ்கூட்டரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகைக்கு வந்தபோது பதினோரு பெண்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். டக், டக் என்று கத்தி முனை ஓட்டின் வாயில் நுழையும் சத்தம். வானொலியில் பழைய பாட்டு. சியோக்-லான் கடைசியில், சாக்கடைப் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கைக்கு மேல் ரப்பர் கையுறை.

தியாம்-லாய் வாசலில் ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு நின்றார். ஒருத்தி சிரித்தாள். "வாங்க அண்ணே, முக்காலி போடட்டுமா? பொம்பளைங்க வேலை, கை கிழிஞ்சிரும்!" மற்றவர்களும் சிரித்தார்கள். பி-யூன் போய் வானொலியை அணைத்தாள்.

"நான் பொய் சொன்னேன்" என்றார் தியாம்-லாய். குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னார். "குரோ என் மேல பாயல. குறுக்கயும் வரல. நான் கொட்டுன ஓட்டுல நான் சறுக்கி விழுந்தேன். அது பக்கத்துல வந்து நின்னுச்சு. அவ்வளவுதான்."

கத்திகள் நின்றன. யாரோ, "ஐயோ, கடவுளே" என்றார்கள். யாரோ மூக்கால் சிரித்தார்கள். சியோக்-லான் மட்டும் கையிலிருந்த சிப்பியை உடைத்து, சதையை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எப்பருந்து தெரியும்னு கேக்க மாட்டேன். விழுந்தது நீங்க. உங்களுக்கு அப்பவே தெரியும்." கத்தியை மடியில் வைத்தாள். "பதினேழு நாள் வந்தேண்ணே. வாசல்ல நின்னு தினம் தலையக் குனிஞ்சேன். ஒரு நாள்கூடவா உங்க வாய்க்கு வரல?"

தியாம்-லாய் ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தார். பயம் என்று சொல்லலாம். வெட்கம் என்று சொல்லலாம். ஆனால் வாயில் வந்தது உண்மை.

"வந்துச்சு. தினமும் வந்துச்சு. சூப்பு நல்லா இருந்துச்சு."

மூலையில் ஒருத்தி தாங்கமாட்டாமல் வெடித்துச் சிரித்தாள். அது ஒவ்வொருத்தியாகத் தொற்றியது. பதினோரு பேரில் பத்துப் பேர் சிரித்தார்கள். தியாம்-லாயின் காது மடல்வரை சூடேறியது. ஊன்றுகோல் பிடி வியர்வையில் வழுக்கியது.

பி-யூன் சிரிக்காமல் நடந்து போய் சியோக்-லான் முன்னால் குந்தினாள். "நான் அன்னைக்குப் பேசுனது..."

"அத இப்ப பேச வேண்டாம் மதினி. இன்னொரு நாளைக்கு." சியோக்-லான் அவளைத் தாண்டித் தியாம்-லாயைப் பார்த்தாள். "இங்க பத்துப் பேரு கேட்டா போதாதுண்ணே. குரோ போன வழியெல்லாம் கல்லெடுத்து எறிஞ்சிருக்காங்க. கடிக்கற நாயாம். மீன்சந்தைல ஒருத்தர் சொன்னாரு, கறுப்பு நாய் ஒண்ணு வந்துச்சு, கம்பெடுத்து வெரட்டுனேன்னு. எனக்கு உங்க மன்னிப்பு ஒண்ணும் வேணாம். எல்லாரும் கேக்கறாப்ல சொல்லுங்க."

எல்லாரும் கேட்கிற மாதிரி என்றால் சாலுனில் ஒரே வழிதான். ஊர்த்தலைவர் வீட்டு முன்னறையில் ஒலிபெருக்கிக் கருவி இருக்கிறது. தண்ணீர் நிற்கும் நாள், தடுப்பூசி போடும் நாள் எல்லாம் அதில்தான் சொல்வார்கள். ஊருக்குள் பதினாலு கம்பத்தில் குழல். காற்று வாட்டமாக இருந்தால் பந்தலில் நிற்கிற மிதவைகள்வரை கேட்கும்.

அரை மைல் தூரம் ஊன்றுகோலில் போக அரைமணி நேரம் ஆயிற்று. பி-யூன் அவரோடு வரவில்லை. பான்-சியோங் கதையைக் கேட்டு வெலவெலத்துப் போனார். நாயை அனுப்பச் சொன்னது அவர்தானே.

"அண்ணே, இதெல்லாம் எதுக்கு? நான் வீடு வீடா போய்ச் சொல்லிக்கறேன். உங்க மரியாதையும் இருக்கு. என்னுதும் இருக்கு."

"போடுப்பா."

"மைக்குல சொன்னா சொன்னதுதான். எடுக்க முடியாது."

"அதான் போடுங்கறேன்."

பான்-சியோங் பொத்தானை அழுத்தினார். வழக்கமான மணியோசை ஒலித்து அடங்கியது. தியாம்-லாய் மைக்கை நெருங்கி மூச்சு விட்டார். அந்த மூச்சு ஊர் முழுக்கக் கேட்டது. தெருவில் ஒரு கதவு திறந்தது.

"நான் ஹோங் தியாம்-லாய். வளைவுல சிப்பிக் கொட்டகை வச்சிருக்கறவன்." தன் குரல் கம்பங்களிலிருந்து ஒரு கணம் பிந்தி, வேறு யாரோ பேசுவதுபோலத் திரும்பி வந்தது. தடுமாறினார். "என் கால ஒடச்சது சியோக்-லான் வீட்டு நாய் இல்ல. நான் ரோட்டுல கொட்டுன ஓடு. நாயின்னு நான் சொன்னது பொய். தலைவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன். அதனால அந்த நாய ஊர விட்டு அனுப்பிட்டாங்க. இப்ப அது காணாமப் போயிருச்சு. கறுப்பு நாய். இடது காது மடிஞ்சு இருக்கும். குரோன்னு கூப்பிட்டா வரும். கல்லெடுத்து எறியாதீங்க. கண்டவங்க சியோக்-லான் வீட்டுல சொல்லுங்க." முடித்துவிட்டார் என்று நினைத்துப் பான்-சியோங் கையை நீட்டினார். தியாம்-லாய் மைக்கை விடவில்லை. "அது என்னை ஒண்ணுமே பண்ணல" என்றார்.

திரும்பி நடக்கையில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. ஆ-ஹாயின் வேன் எதிரே வந்தது. மெதுவாகி, நிற்காமல் போயிற்று. தூறல் ஆரம்பித்தது. கட்டின் ஓரம் நனைந்து மாவு கரைந்தது.

கொட்டகையில் சியோக்-லானின் முக்காலி காலியாக இருந்தது. வெளியே அவள் சைக்கிளும் இல்லை. அவள் விட்டுப்போன சிப்பிக் குவியலின் முன்னால் பி-யூன் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"எங்க போனா?" என்றார் தியாம்-லாய்.

"நீங்க பேசிட்டிருக்கறப்பவே போன் வந்துச்சு. கரைக்கட்டுல நம்ம மிதவை நிக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு நாயப் பாத்தாங்களாம். அதுவோ, வேற எதுவோ. போயிருக்கா. அவ பங்க நான் உடைக்கறேன்."

தியாம்-லாய் சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி, காலி முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்ததே இல்லை. குவியலிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தார். பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தார். அதன் மரப்பிடி ஒரு சின்னக் கையின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"அத வச்சிருங்க" என்றாள் பி-யூன், தலையைத் தூக்காமல். "அது அவ கத்தி. உங்களுக்கு வேணும்னா வீட்டுலருந்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அவர் கத்தியை இருந்த இடத்திலேயே வைத்தார். ஊன்றுகோல்களைத் தேடி எடுத்து, இரண்டு தடவை முயன்று எழுந்து, கத்தி எடுத்துவர வீட்டுக்கு நடந்தார்.